அரை நொடித் தாமதம்

சகாஷிதா மசாயோ எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். அதில் இருபத்தெட்டு வருடம் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடியவர்களில் இன்னும் நினைவு தப்பாமல் இருப்பது நான் ஒருத்திதான்.

கோனமி துறைமுகம் நோட்டோ தீபகற்பத்தின் உள்வளைவில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் கணவாய் மீன் பிடிக்கும் பதினாறு படகுகள் ஜப்பான் கடலுக்குப் புறப்படும். போனால் நாற்பது நாள், ஐம்பது நாள். பிடித்ததைப் படகிலேயே உறையவைத்து, இடம் நிறைந்ததும் வடக்கே ஹக்கோதாதே துறைமுகத்தில் இறக்கிவிட்டு, அப்படியே மறுபடி கடலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆண்கள் வீட்டில் தூங்குவது ஜனவரிக்குப் பிறகுதான். அதுவரை ஊருக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது மசாயோ அக்காவின் குரல் மட்டும்.

தினமும் பகல் ஒரு மணிக்கு அக்கா மைக்கை எடுப்பார். ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லி அழைப்பார். அவர்கள் இருக்கும் இடம், பிடித்த அளவு, அலை, காற்று எல்லாம் சொல்வார்கள். கடைசியில் இவர் வானிலை வாசிப்பார். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். புயல் எச்சரிக்கையையும் கடைச் சாமான் பட்டியல் போலத்தான் படிப்பார். அந்தக் குரல் பதறாத வரை பயப்பட ஒன்றுமில்லை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு படகு பேசினால் பதினாறு படகுக்கும் கேட்கும். அதுதான் வயர்லெஸ். வீட்டிலிருந்து பெண்கள் வந்து ஏதாவது சேதி சொல்ல வேண்டுமென்றாலும் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொல்ல வேண்டும். ஒருத்தி கூரை ஒழுகுவதற்காகப் புருஷனைத் திட்டப் போய், அந்த மனுஷனை அடுத்த ஏழெட்டு வருடம் எந்தத் துறைமுகத்தில் பார்த்தாலும் "என்னப்பா, ஒழுகல் நின்னுச்சா?" என்றுதான் விசாரித்தார்கள்.

மசாயோ அக்காவின் கணவர் இசாமுவும் கடலில்தான் இருந்தார். தமகசே மாரு என்ற படகில் இயந்திரம் பார்ப்பவர். படகின் கேப்டன் அக்காவின் சொந்த அண்ணன் கதோகுச்சி தெருவோ. புருஷனும் அண்ணனும் ஒரே படகில் இருந்தும், அந்த மைக்கில் அக்கா ஒருநாளும் சொந்த வார்த்தை பேசியதில்லை. மற்றப் பெண்களுக்கு மைக்கைக் கொடுப்பார், தான் மட்டும் தொடமாட்டார். இது சங்கத்தின் சாதனம், என் வீட்டுச் சாமான் இல்லை என்பார். பிள்ளைகள் இல்லை. வருடத்தில் நான்கு மாதம் வீட்டுக்கு வரும் புருஷன், அது போக இந்த வேலை. அதிலேயே அவர் நிறைவாக இருந்ததாகத்தான் எனக்குத் தெரிந்தது.

எண்பத்தைந்தாம் வருடம் டிசம்பரில் ஒரு பிற்பகல், பெரிய அலை ஒன்று தெருவோவைத் தளத்திலிருந்து அடித்துக்கொண்டு போனது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து அவரைத் தூக்கி வந்தவர் இசாமு. அந்த நாற்பது நிமிடமும் அக்கா மைக்கை விடவில்லை. அருகிலிருந்த இரண்டு படகுகளைத் திருப்பினார். கரையோரக் காவலுக்குச் சொன்னார். தண்ணீருக்குள் இருப்பது தன் புருஷனும் அண்ணனும் என்பதைக் குரலில் காட்டவேயில்லை. இருவரும் பிழைத்தார்கள் என்று தெரிந்த பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். நான் அப்போது வேலையில் சேரவில்லை, கேள்விதான்.

தொண்ணூற்றேழாம் வருடம் வசந்தத்தில் படகுகளில் செயற்கைக்கோள் தொலைபேசி வந்தது. பூமியிலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்துக்கே தானும் சுற்றிக்கொண்டு, நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிற்கும் நம் நாட்டுச் செயற்கைக்கோள். படகின் கூரையில் வெள்ளைக் குடம் கவிழ்த்தது போல ஒரு ஆன்டெனா. கடலிலிருந்து நேராக வீட்டுக்கே பேசலாம், வேறு யார் காதிலும் விழாது. பெண்களுக்கெல்லாம் கொண்டாட்டம். அக்காவும் சந்தோஷப்பட்டார். கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்துத்தான் வேலைக்காலத்தில் புருஷனின் குரலைத் தனியாகக் கேட்டார்.

அந்தத் தொலைபேசியில் ஒரு குணம் உண்டு. நாம் பேசுவது மேலே ஏறி, கோளைத் தொட்டு, கீழே இறங்கிப் படகுக்குப் போக வேண்டும். பதிலும் அதே வழியில் வர வேண்டும். ஆகவே கேட்டதற்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வெறுமை இருக்கும். பழகாதவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொண்டு, "நீ சொல்லு, நீ சொல்லு" என்று தடுமாறுவார்கள். அக்காவுக்கு முதல் வாரத்திலேயே அது பிடிபட்டுவிட்டது. அலையும் குரலும்தான் அவருடைய தொழில்.

மறுவருடம் ஆகஸ்டில், ஒருநாள் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கசுமி, நேத்து அவர் கூப்பிட்டாரு. லைன்ல அந்த இடைவெளியே இல்ல. பக்கத்துத் தெருவிலேருந்து பேசுற மாதிரி இருந்துச்சு."

காரணம் எனக்குத் தெரியும். என் கணவர் வேறொரு படகில் வேலை பார்த்தார். ஜூலைக் கடைசியில் ஹக்கோதாதேயிலிருந்து பேசும்போது அவரே சொல்லியிருந்தார்: இசாமு படகில் இல்லை, முதுகுவலி என்று அங்கேயே இறங்கிவிட்டார். மீன்சந்தைக்குப் பின்னால் சாப்பாட்டுப் பொட்டலக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணோடு இருக்கிறார், கடைசிச் சரக்கு இறக்கும்போது ஏறிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல ஊருக்கு வருவார். "நீ வாயைத் திறக்காதே" என்றும் சொல்லியிருந்தார்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"மெஷின் ஏதாவது புதுசா மாத்தியிருப்பாங்கக்கா. இப்பல்லாம் நாளுக்கு நாள் வேகமாகுதில்ல."

அக்கா தலையாட்டினார். கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

அதற்கடுத்த தடவை பேசியபோது, லைன் இப்போதெல்லாம் ரொம்பத் தெளிவாக இருக்கிறதே என்று அக்கா கணவரிடமே சொன்னாராம். அவர் சிரித்து, இங்கே வானம் சுத்தமாக இருக்கிறது, அதனால்தான் என்றாராம். வானம் சுத்தமாக இருந்தால் கோள் பக்கத்தில் வந்துவிடாது. அது அக்காவுக்குத் தெரியும். வருடக்கணக்காகக் கடலில் இருந்த இசாமுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் அவர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்திப் பேச ஆரம்பித்தார்.

இதை அக்கா பின்னாளில் என்னிடம் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. கோளின் இடைவெளி எப்போதும் ஒரே அளவு. மனிதன் செய்யும் இடைவெளி ஒரு தடவை நீளம், ஒரு தடவை குட்டை. சிரிப்பு வந்தால் மறந்துவிடும். அக்கா வேண்டுமென்றே பேச்சுக்கு நடுவில் ஒரு வேடிக்கை சொன்னார். அவர் உடனே சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு நொடி சும்மா இருந்தார்.

அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று அக்கா கேட்டால், அன்று பகல் ஒரு மணிக்குத் தெருவோ வயர்லெஸ்ஸில் சொன்ன அதே இடத்தை, அதே அலை உயரத்தை, கிட்டத்தட்ட அதே வார்த்தையில் இசாமு சொன்னார். கரையில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? படகிலிருந்து யாராவது சொன்னால்தான் தெரியும். படகிலிருந்து தொலைபேசியை எடுக்கக் கேப்டனின் அனுமதி வேண்டும்.

ஆறு வாரம் அக்கா இதை உள்ளேயே வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். மதியச் சோற்றைப் பாதிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்பதைத் தவிர, வெளியில் எதுவும் தெரியவில்லை. நானும் பார்க்காதது போல இருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் ஒரு மணி. வழக்கம்போலப் படகுகளை ஒவ்வொன்றாக அழைத்தார். பதினோராவதாகத் தமகசே மாரு. தெருவோ இடம் சொன்னார், பிடித்த அளவு சொன்னார், தெற்கிலிருந்து ஒன்றரை மீட்டர் அலை என்றார். அக்கா குறித்துக்கொண்டார். அடுத்த படகை அழைக்க வேண்டும். அழைக்கவில்லை.

"தமகசே மாரு, இயந்திரக்காரர் சகாஷிதாகிட்ட மைக்கைக் குடுங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் முதல் தடவையாகத் தன் விஷயத்துக்காக அந்த மைக்கில் பேசினார்.

தெருவோ பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தார். வயர்லெஸ்ஸில் எந்த இடைவெளியும் கிடையாது. அந்த மௌனம் முழுக்க அவருடையதுதான்.

"தூங்குறான். ராத்திரி முழுக்க வேலை."

"எழுப்புங்க. நான் இருக்கேன்."

"மசா, இது எல்லாருக்கும் கேக்குது."

"தெரியும்ண்ணே. எழுப்புங்க."

மறுபடியும் ஒன்றுமில்லை. சும்மா இரைச்சல். பதினைந்து படகுகளில் ஒவ்வொன்றிலும் ஒருவன் காதில் கருவியோடு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் வேறு படகிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹிராமட்சு, அந்தக் கூட்டத்திலேயே மூத்த கேப்டன். என் கணவர் வேலை பார்த்தது அவர் படகில்தான்.

"தெருவோ, போதும். எவ்வளவு நாளைக்கு? மசாயோ, அவன் அந்தப் படகுல இல்லம்மா. ஜூலைலேயே இறங்கிட்டான். எங்க எல்லாருக்கும் தெரியும். மன்னிச்சுடு."

அக்கா மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே ஒரு நிமிடம் இருந்தார். அவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது. அந்த நேரத்தில் அவர் முகத்தில் நான் கண்டது அழுகை இல்லை. கூட்டிக் கழித்துப் பார்ப்பவர் முகம். பதினாறு படகு, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பேர். இவர்களில் எத்தனை பேரைப் புயலில் வழிகாட்டிக் கரை சேர்த்தார், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்த சேதியை முதலில் சொன்னார். அத்தனை பேரும் ஒவ்வொரு பகலும் இவர் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, இதையும் மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு அடுத்த படகை அழைத்தார். பதினாறும் முடிந்தது. வானிலை வாசித்தார். வடமேற்குக் காற்று, நாளை மறுநாள் வலுக்கும், எச்சரிக்கையாக இருக்கவும். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியும்."

கேள்வியாக இல்லை. நான் தலையைக் குனிந்தேன்.

"மெஷின் மாத்தியிருப்பாங்கன்னு நீ சொன்ன அன்னிக்கே, கோளை நடத்துற கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். எதையும் மாத்தல, அந்த நேரத்தை யாராலயும் குறைக்க முடியாதுன்னு சொன்னாங்க. அப்பதான் அவர் கரையில இருக்காருன்னு முடிவா தெரிஞ்சுது. உனக்கு வயர்லெஸ் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நான்தானே? அந்த இடைவெளி ஏன் வருதுன்னு உனக்குத் தெரியாதா என்ன?"

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆறு வாரம். தனியா."

அவ்வளவுதான் சொன்னார். கைப்பையை எடுத்துக்கொண்டு, வேலை முடியும் நேரம் வரை காத்திருந்து, வீட்டுக்குப் போனார்.

இசாமு நான்கு நாள் கழித்து ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்து சேர்ந்தார். அக்காவின் வீட்டுக்கு எதிர்வீடு எங்களுடையது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை. அக்கா அவரை உள்ளே விடவில்லை. அவருடைய துணிகளை இரண்டு பெட்டியில் அடுக்கி, வாசல் கதவுக்கு வெளியே முன்பே வைத்திருந்தார். மேலே விவாகரத்துப் படிவம், தன் பெயருக்கு நேரே முத்திரை குத்தி.

இசாமு குள்ளமான, யாரிடமும் சண்டைக்குப் போகாத மனிதர். நல்லவர் என்றே ஊரில் பெயர்.

"உன்னை ஏமாத்தணும்னு நான் நினைக்கல மசாயோ. நேர்ல வந்து சொல்லத்தான் இருந்தேன். போன்ல பேசப் பேச, அப்படியே போறது சுலபமா இருந்துச்சு."

"இருந்திருக்கும்," என்றார் அக்கா. "இடைவெளி விட்டுப் பேசுனீங்களே, அது சுலபமா இருந்துச்சா? நான் இந்தப் பக்கம் உக்காந்து அதை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

இசாமு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். அதன் பிறகு அவர் கோனமிக்கு வரவில்லை.

ஜனவரியில் படகுகள் திரும்பின. தெருவோ ஒரு பெரிய குளிர்காலச் சூரை மீனை வைக்கோலில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். என்னைக் கடலிலிருந்து தூக்கியவன் கெஞ்சிக் கேட்டான், எப்படி மறுப்பேன், ஒரு பருவம் போனால் அவனே தெளிந்து திரும்பிவிடுவான் என்று நினைத்தேன் என்றாராம். இதைத் தெருவோவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லி அழுதார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாராம்: அன்றைக்கு அந்த நாற்பது நிமிடம் மைக்கில் இருந்தது யார்? மீனை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தெருவோ அதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். எனக்கும் அதைச் சமைக்க மனம் வரவில்லை, அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்தேன்.

அக்கா வேலையை விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அடுத்த ஜூனில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்று மட்டும் மாறியது. முன்பெல்லாம் கேப்டன்களைப் பெயர் சொல்லி அழைப்பார், காய்ச்சல் தேவலையா, மகள் பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பார். இப்போது படகின் பெயர், இடம், அளவு, வானிலை. ஒரு சொல் கூடுதலாக இல்லை. ஹிராமட்சு ஒரு தடவை ஏதோ வேடிக்கை பேசிப் பார்த்தார். "பதிவாயிற்று, அடுத்த படகு" என்று பதில் வந்தது.

என்னிடமும் அப்படித்தான். "கசுமி, வா, போ" என்று பன்னிரண்டு வருடம் பேசியவர், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலையிலிருந்து "வாங்க", "சொல்லுங்க" என்றார். கோபமாக இல்லை. வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுவது போல, குறையே சொல்ல முடியாத மரியாதை. தேநீர் ஊற்றித் தருவதையும் நிறுத்தவில்லை. முதல் சில மாதம் நான் வீட்டுக்குப் போய் அழுதேன். என் கணவரோடு சண்டை போட்டேன். அவர், நீதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாய், நானா உன் வாயைத் தைத்தேன் என்றார். அதுவும் உண்மைதான்.

இரண்டாயிரத்தைந்தில் தமகசே மாருவின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. வயர்லெஸ்ஸுக்கு மின்சாரம் போய்விட, தெருவோ தனி பேட்டரியில் ஓடிய செயற்கைக்கோள் தொலைபேசியில் எங்கள் நிலையத்தைக் கூப்பிட்டார். எடுத்தவர் அக்கா. கூரையில் இருந்த ஆன்டெனாவும் எந்த நிமிடம் எரியும் என்று தெரியாது. இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார், எத்தனை பேர், யாருக்குக் காயம் என்று கேட்டார், எந்தத் திசையில் படகைத் திருப்பினால் புகை ஆட்களிடமிருந்து விலகும் என்று சொன்னார், ஹிராமட்சுவின் படகை அங்கே அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் எட்டுப் பேரும் வேறு படகில் இருந்தார்கள். கடைசியில் ஹிராமட்சுவின் படகிலிருந்து தெருவோ பேசினார்.

"மசா, நீ இல்லன்னா நாங்க…"

"எட்டுப் பேரும் பத்திரம்னு பதிவு பண்ணிட்டேன். காயம்பட்டவரை முதல்ல ஹெலிகாப்டர்ல ஏத்துங்க," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

அன்று அவர் கழிப்பறைக்குப் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார். நான்தான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஓய்வு பெற்றார். சங்கத்தில் விருந்து வைத்தார்கள். எல்லாக் கேப்டன்களும் வந்தார்கள், வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் அளவாகக் குனிந்தார். யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை. பூங்கொத்தை வாங்கிக்கொண்டு தனியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஹக்கோதாதேயில் இசாமு இறந்துபோனார். சேதி தெருவோவுக்கு வந்தது. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் என்னிடம் வந்தார். சடங்கெல்லாம் முடியட்டும், ஒரு வாரம் போகட்டும், பிறகு பார்த்துச் சொல்லேன் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அக்கா முன்னறையில் வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, இசாமு அண்ணன் முந்தாநாள் தவறிட்டாரு. ஈரல் புற்றுநோய். உங்க அண்ணனுக்கு இப்பதான் போன் வந்துச்சு. நாளைக்கு எடுக்குறாங்க."

வெங்காயத்தாளைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். போகிறீர்களா என்று நான் கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார்.

"உடனே வந்து சொன்னீங்களே," என்றார். "ரொம்ப நன்றிங்க. உக்காருங்க, தேநீர் போடுறேன்."

நான் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் குடித்தோம். பிறகு நான் எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.